ஆறு தப்படி தூரம்

'பெயர் படிக்க முடியாத கல்லறைகள்' என்று தலைப்புப் போட்டு, கீழே ஒன்பது பெயர்களை எழுதியிருந்தார்கள். ஒன்பதாவது, அமலாவின் அப்பா.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் அவள் கோயில் அறிவிப்புப் பலகையின் முன்னாலேயே நின்றாள். திண்டிவனத்தில் ஏரியை ஒட்டி இருக்கிற அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இனிமேல் இடம் இல்லை. ஆகவே நவம்பர் முதல் தேதி, கல்லறைத் திருநாளுக்கு முந்தின மாலை, ஐந்து மணிக்குப் பங்குப் பேரவைச் செயலாளர் பார்வையிட வருவார். ஆறு தப்படி தூரத்தில் நின்று பார்த்துப் பெயர் தெரியாவிட்டால், அந்தக் கல்லறைக்கு உரிமைக்காரர் இல்லை என்று கொள்ளப்படும். இடம் வேறு குடும்பத்துக்குப் போகும். எலும்புகள் மரியாதையாகப் பொதுக்குழிக்கு மாற்றப்படும். 'மரியாதையாக' என்ற சொல்லுக்கு அடியில் யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள்.

இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது.

அப்பா ராஜாமணி பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர். இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. அந்தத் தோட்டத்தின் வழக்கப்படி கணவன் மனைவிக்கு ஒரே கல்லறைதான். முதலில் போனவர் கீழே, பின்னால் வருகிறவர் மேலே. அதாவது அப்பாவுக்கு மேலே இருப்பது அம்மாவின் இடம். அப்பா பொதுக்குழிக்குப் போய்விட்டால் அம்மா ஒருநாள் எங்கே போவாள்? அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. ரத்த அழுத்தம் ஒரு வருஷமாக நூற்றறுபதுக்குக் கீழே இறங்கவே இல்லை. இந்தப் பட்டியலைப் பார்த்தால் என்ன ஆவாள் என்று நினைக்கவே அமலாவுக்குப் பயமாக இருந்தது.

கல்லறைத் தோட்டத்தின் சாவியும் பதிவேடும் சூசைநாதனிடம் இருந்தன. அமலா அவரைக் கோயில் மணிக்கூண்டுக்கு அடியில் பிடித்தாள்.

"அண்ணே, அம்மாவுக்கு இந்த லிஸ்ட் விஷயம் தெரிய வேணாம். கேட்டா தாங்க மாட்டாங்க. நீங்க பாட்டுக்குச் சொல்லிடாதீங்க."

சூசைநாதன் கக்கத்தில் இருந்த பதிவேட்டை இறுக்கிக்கொண்டார்.

"சரிம்மா," என்றார். "நானா எதுவும் சொல்ல மாட்டேன்."

அம்மா செண்பகம் வீட்டில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். சும்மா இருந்தால் கை நடுங்கும் என்பாள். அமலா பக்கத்தில் உட்கார்ந்து தானும் நாலு காய் உரித்தாள். பிறகு, கல்லறைத் திருநாள் வருகிறதே, இந்த வருஷம் அப்பாவின் கல்லை நன்றாகச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டாள்.

"என்னாத்துக்குத் திடீர்னு?"

"சும்மாதாம்மா."

"சும்மான்னா சரி," என்றாள் செண்பகம். இன்னும் பத்துக் காய் உரித்த பிறகு, "நானும் வர்றேன்," என்றாள்.

அன்று மதியமே போனார்கள். ஏரி நிரம்பியிருந்தது. தோட்டத்தில் எங்கே கால் வைத்தாலும் தண்ணீர் கசிந்தது. கல்லறைகள் இடுப்பளவு பாசி ஏறி நின்றன. அப்பாவின் தலைமாட்டில் இருந்த சலவைக்கல் அடுப்படிச் சுவர்போலக் கறுத்திருந்தது. அமலா சோப்புத் தூளும் தேங்காய் நாரும் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தாள். 'இ' என்ற எழுத்தும் அதற்குப் பின்னால் ஒரு புள்ளியும் வெளியே வந்தன. அதுதான் அப்பாவின் இனிஷியல்.

செண்பகம் குடைக்கு அடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பிடித் தேச்சிக்கினு இருந்தா அடுத்த வருஷம் ஆயிடும். பாத்ரூம் கழுவற ஆசிட் ஒரு பாட்டில் வாங்கி ஊத்து. சத்துணவுக் கூடத்துத் தரையெல்லாம் நாங்க அப்படித்தான் வெளுப்போம்."

அது நல்ல யோசனையாகவே பட்டது. அமலா கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வந்து ஊற்றினாள். கல் சீறி நுரைத்தது. கறுப்பு, பச்சை, பழுப்பு என்று பதினோரு மழைக்காலமும் வரிசையாக வழிந்து இறங்கின. ஒரு குடம் தண்ணீர் விட்டதும் கல் பால் வெள்ளையாகப் பளிச்சிட்டது. எழுத்துகளில் நிரப்பியிருந்த கறுப்புச் சாயமும் பாசியோடு போயிருந்தது. செதுக்கிய பள்ளங்களின் விளிம்புகள் கரைந்து, சோப்புக் கட்டியில் அழிந்துபோன பெயர் மாதிரி ஆகிவிட்டன. கல் புதிதாகப் பிறந்ததுபோல இருந்தது. புதிதாகப் பிறந்தவர்களுக்குப் பெயர் இருக்காது.

அமலா ஆறு தப்படி பின்னால் போய் நின்று பார்த்தாள். விழுப்புரத்தில் தங்கி, அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருஷமாகக் கண் பரிசோதிப்பதுதான் அவள் வேலை. அவளுடைய கண்ணில் குறை கிடையாது. அவளுக்கே ஒன்றும் தெரியவில்லை.

"அழுக்கு போயிடுச்சு இல்ல," என்றாள் செண்பகம்.

புதன்கிழமை அரைநாள் அனுமதி வாங்கிக்கொண்டு அமலா திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள். கறுப்பு எனாமல் பெயின்ட், மெல்லிய பிரஷ். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை விரல் நுனியால் தடவித் தடவிக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக நிரப்பினாள். பெயர், வேலை, பிறந்த தேதி, இறந்த தேதி, அடியில் ஒரு சிறிய ஜெபம். முடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஆனது. ஆறு தப்படியில் நின்றாலும், பத்தில் நின்றாலும் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் வந்ததுபோல ஏரிக்கு அந்தப் பக்கம் மேகம் கூடிக்கொண்டு வந்தது.

மூடி வைக்க எதையாவது கொண்டுவரச் சொல்லி அம்மாவுக்குப் போன் செய்தாள். செண்பகம் கேப்பை காய வைக்கிற தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அம்மாவுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று அமலா நினைத்துக்கொண்டாள்.

"காத்து பூந்தா தூசி ஒட்டிக்கும்," என்று செண்பகமே கயிற்றைக் கல்லோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினாள். பெரிய அண்டாக்களைத் தூக்கிப் பழகிய கை. முடிச்சு இரும்பாக விழுந்தது.

இரண்டு நாள் விடாமல் மழை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து தார்ப்பாயைப் பிரித்தபோது அது பசை போட்டதுபோலக் கல்லோடு ஒட்டியிருந்தது. இழுத்ததும் வந்தது. பெயரும் கூடவே வந்தது.

கடையில் இடம் குறைவு என்பதால் அங்கே எழுத்து அட்டையை எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பார்த்துப் படிக்கச் சொல்வார்கள். அதற்கென்று இடவலம் மாற்றி அச்சடித்த அட்டை உண்டு. அந்தப் பழக்கத்தில், தார்ப்பாயில் வலமிருந்து இடமாகப் பதிந்திருந்த அப்பாவை அமலா உடனே படித்துவிட்டாள். கல்லில் சாம்பல் நிறத்தில் ஒரு தேய்ப்புதான் மிச்சம்.

"தெளிவாத்தான் வந்திருக்குது," என்றாள் செண்பகம், தார்ப்பாயைப் பார்த்து.

அமலாவுக்கு அழுகை வந்தது. கல்லறையின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செண்பகமும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாகறதுக்கு முந்தின நாள்கூட, காபி மூணு நிமிஷம் லேட்டுன்னாரு," என்றாள் கல்லைப் பார்த்தபடியே. "கடிகாரத்தப் பாக்காமயே சொல்லுவாரு. தோசை ஒன்றரை நிமிஷம் லேட்டு. கொழம்பு ஆறு நிமிஷம் லேட்டு. நாப்பத்தோரு வருஷம்."

அமலா அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எப்படியாவது இந்தக் கல்லைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் தீர்மானமே செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு அடித்தார்கள். தேய்ப்பு மறைய வெள்ளை அடித்து, அது காய்ந்ததும் மேலே எழுதுவது என்று திட்டம். சுண்ணாம்பைச் செண்பகம் வீட்டிலேயே கலக்கிக் கொண்டுவந்திருந்தாள். ஈரத்தில் உதிராமல் பிடிக்க இரண்டு கை உப்பும், ஒரு செம்பு சோற்றுக் கஞ்சியும் சேர்த்திருப்பதாகச் சொன்னாள். உண்மையிலேயே நன்றாகப் பிடித்தது. மழையும் அன்று ஒதுங்கிப் போனது. நாலு மணிக்குள் காய்ந்துவிட, அமலா மேலே கறுப்பில் எழுதினாள். இந்த முறை எதையும் மூடவில்லை.

திங்கட்கிழமை காலை கடையில் ஒருவருக்கு எழுத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது சூசைநாதன் போன் செய்தார்.

"அமலாம்மா, உங்க அப்பா கல்லறையாண்ட ஆடுங்க நிக்குது."

"ஆடு எப்பவும் வர்றதுதானேண்ணே?"

"வரும், மேயும், போயிடும். இதுங்க போவமாட்டேங்குது. நக்கிக்கினே இருக்குது."

அமலா கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள். அவள் வந்து சேர்ந்தபோது ஐந்து ஆடுகள் சொந்தக்காரர்களைப்போலக் கல்லறையைச் சூழ்ந்து நின்றன. உப்பும் கஞ்சியும் அவற்றுக்கு அவ்வளவு பிடித்திருந்தன. பெரிய கிடா ஒன்று முன்னங்காலை அப்பாவின் மேல் ஊன்றி நின்று, இறந்த தேதியை நக்கிக்கொண்டிருந்தது. பிறந்த தேதியை ஏற்கெனவே முடித்திருந்தது.

கடைசியாக அமலா, மயிலம் சாலையில் பட்டறை வைத்துக் கல் செதுக்குகிற விருத்தாசலத்தைத் தேடிப் போனாள். புதுக் கல் வேண்டுமானால் இருபது நாள் ஆகும் என்றார். கல்லறைத் திருநாள் நெருங்குவதால் கையில் நிறைய வேலை. பழைய கல்லிலேயே கொஞ்சம் ஆழப்படுத்தித் தரலாம் என்று புதன்கிழமை வந்தார். செண்பகமும் டீ பிளாஸ்க்கோடு வந்திருந்தாள்.

விருத்தாசலம் கல்லைச் சுத்தியலால் இரண்டு இடத்தில் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"ஆசிட் ஊத்துனீங்களா?"

அமலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கல்லு மெதுவாயிடுச்சு. மேலாகத்தான் தொடணும்," என்று சொல்லிவிட்டு, பறவை தீனி பொறுக்குவதுபோலக் கொத்த ஆரம்பித்தார். 'இ' வந்தது. 'ரா' வந்தது.

"மேலாகக் கொத்தினா மறு மழைக்கே போயிடும்ப்பா," என்றாள் செண்பகம். "ஆழமாக் கொத்து. பயப்படாத, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பதுதான் விருத்தாசலத்தின் தொழில். அவர் பெரிய உளியை எடுத்தார். 'ஜா' நன்றாக ஆழமாக வந்தது. 'ம'வுக்கு முதல் அடி விழுந்ததும், மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடி, கல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் ராஜா. மறுபக்கம் மணி.

விருத்தாசலம் உளியைப் பையில் போட்டுக்கொண்டு டீகூடக் குடிக்காமல் கிளம்பினார். போகும்போது கல்லறையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அமலா முதல் பஸ்ஸில் வந்தாள். செண்பகத்துக்கு முழங்கால் வலி, வரவில்லை. குழாய் ஓட்டை அடைக்கிற பசை, தண்ணீருக்குள் வைத்தாலும் இறுகுவது, பெயின்ட் கடைக்காரர் கொடுத்திருந்தார். இரண்டு துண்டையும் அதில் ஒட்டி நிமிர்த்திச் செங்கல் முட்டுக் கொடுத்தாள். சுண்ணாம்பைச் சுரண்டினாள். எழுத்துகளை மறுபடி தடவித் தடவிக் கறுப்பு நிரப்பினாள். முழுசாகக் காயும்வரை மூன்று மணி நேரம் குடையைக் கல்லுக்குப் பிடித்தபடி தான் நனைந்துகொண்டு நின்றாள். தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை. ஆறு தப்படி நடந்து திரும்பிப் பார்த்தாள். நடுவில் ஒரு தழும்போடு, அப்பாவின் பெயர் தெரிந்தது.

மறுநாள் நவம்பர் ஒன்று. கடை சார்பில் கூட்டேரிப்பட்டில் கண் பரிசோதனை முகாம். அது முடிய நாலு மணி ஆகிவிட்டது. அமலா முகாம் பெட்டியைத் தோளில் மாட்டியபடியே பஸ் பிடித்துத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது மணி நாலே முக்கால். தூறிக்கொண்டிருந்தது. அப்பாவின் கல்லறைக்கு எதிரே செண்பகம் நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றாள்.

அம்மாவுக்கு இன்றைக்குப் பார்வையிடுகிற விஷயம் எப்படித் தெரிந்தது என்று அமலாவுக்குத் திக்கென்றது. செண்பகமே சொல்லிவிட்டாள்: "கோயில்ல பேசிக்கினாங்க. நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. எனக்கு ஒண்ணும் ஆவாது."

இவ்வளவு பெரிய மனசா என்று அமலா அம்மாவின் தோளில் கை வைத்தாள்.

செயலாளர் ஞானப்பிரகாசம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சட்டப்படி நடக்கிறவர். கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, ஆறு தப்படியும் ஒரே அளவாக எண்ணி நடந்து, திரும்பிப் பார்த்தார். பட்டியலோடு சூசைநாதன் பின்னால் நின்றார்.

"ஒண்ணும் தெரியலையேம்மா," என்றார் ஞானப்பிரகாசம். "வெள்ளையா ஒரு கல்லு இருக்குது. நடுவுல ஒரு கோடு இருக்குது."

"சார், பேரு தெளிவா இருக்குது சார்."

"இருக்கலாம். எனக்குத் தெரியணும் இல்ல? ரூல் அதான்."

"அவரு கடமைய அவரு செய்யறாரு," என்றாள் செண்பகம். "விட்டுடு அமலா. நாம என்னா பண்ண முடியும்?"

அமலா விடவில்லை. அவள் கல்லைப் பார்க்கவில்லை, செயலாளரின் முகத்தைப் பார்த்தாள். அவர் மோவாயைத் தூக்கினார். இடது கண்ணைச் சுருக்கினார். கண்ணாடியை மூக்கில் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினார். பதினாறு வருஷமாகத் தினமும் இருபது பேராவது இந்த முகத்தோடு அவள் எதிரே உட்காருகிறார்கள்.

"சார், இந்தக் கண்ணாடி எப்ப போட்டது?"

"இதுக்கு என்னா? எட்டு வருஷமா நல்லாத்தான் உழைக்குது."

"ரெண்டு நிமிஷம் இப்படி உக்காருங்க சார்."

மறுக்க நேரம் கொடுக்காமல் அவரைச் சிமென்ட் பெஞ்சில் உட்கார வைத்தாள். பெஞ்சும் ஆறு தப்படி தூரத்தில்தான் இருந்தது. சூசைநாதன் குடை பிடித்தார். அமலா முகாம் பெட்டியைத் திறந்து, பரிசோதனைக்கான வட்ட ஃபிரேமை அவர் மூக்கில் மாட்டி, வலது கண்ணை மறைத்து, இடது கண்ணுக்கு ஒரு லென்ஸைப் போட்டாள்.

"இது தெளிவா, இதுவா?"

"முதல்ல போட்டது."

"இப்ப?"

"கோடு நல்லாத் தெரியுது."

"இப்ப?"

ஞானப்பிரகாசம் வாயைக் கொஞ்சம் திறந்தார். அமலா வலது கண்ணுக்கும் போட்டு முடித்தாள்.

"இ. ராஜாமணி," என்று அவர் வகுப்பில் வருகை எடுக்கிற குரலில் படித்தார். "நேரக் காப்பாளர்." பிறந்த தேதியைப் படித்தார். இறந்த தேதியைப் படித்தார். ஜெபத்தை முழுவதும் படித்து, தானே ஆமென் சொன்னார். பிறகு எழுந்து, ஃபிரேம் மூக்கில் இருக்க, தோட்டத்துக்குள் நடக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரிசையில் ஒரு பெயர் கேட்டது. ஏழாவது வரிசையில் இன்னொன்று கேட்டது. வேப்பமரத்தடியில், முப்பது வருஷத்துக்கு முன்னால் தன்னிடம் கணக்குப் படித்த ஒருவனின் பெயரைப் படித்து, "இவன் போயிட்டானா?" என்று கேட்டுக்கொண்டார். சூசைநாதன் குடையோடு பின்னாலேயே ஓடினார்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது பட்டியலில் ஏழு பெயர்களை அடித்திருந்தார். ஏழாவதாக அடித்தது ராஜாமணி. இரண்டு கல்லறைகளில்தான் நிஜமாகவே ஒன்றும் இல்லை.

"தப்பு கல்லு மேல இல்லம்மா, என் கண்ணு மேல," என்றார். ஃபிரேமைத் திரும்ப வாங்க அமலா இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை விழுப்புரம் வந்து புதுக் கண்ணாடி போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, வழியில் இருந்த கல்லறைகளை வருத்தத்தோடு பார்த்துக்கொண்டே போனார்.

செண்பகம் கணவனின் பெயரை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நான் போய் ஆட்டோ நிறுத்தறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேட் பக்கம் நடந்தாள். சந்தோஷத்தில் அம்மாவுக்கு நடைகூடத் தளர்ந்துவிட்டது என்று அமலாவுக்குத் தோன்றியது.

அவள் லென்ஸ்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். ஆசிட்டில் வெந்த கை எரிந்தது. ஆனாலும் சிரிப்பு வந்தது.

"பாத்தீங்களாண்ணே? பதிமூணு நாளா நாய் படாத பாடு பட்டேன். எல்லாம் சார் கண்ணு சரியில்லாததால வந்தது. இல்லன்னா, பாசி புடிச்சிருந்தாலும் எங்க அப்பா பேரு லிஸ்ட்லயே வந்திருக்காது, இல்லியா?"

சூசைநாதன் பதிவேட்டைப் பிரித்து, நடுவில் செருகியிருந்த ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"சார் பாத்து எழுதுனது எட்டுதாம்மா. ஒன்பதாவது பேரு, ஒரு மனு வந்ததால சேத்தது. 'இந்தக் கல்லறைக்கு உரிமை கொண்டாட யாரும் இல்லை, சீக்கிரம் எடுத்துக்கொள்ளவும்'னு எழுதி, கீழ 'இப்படிக்கு, மனைவி செண்பகம்'னு கையெழுத்துப் போட்டிருக்காங்க."